பழைய லாரியின் சாவியும் பூட்டும்: எதைச் சரிசெய்வது, எதை மாற்றுவது, காசை எங்கே போடுவது

இக்னிஷன் சாவிதான் வண்டிக்குக் காவல் என்று நினைத்துக்கொண்டிருந்தால் அந்த நினைப்பை இன்றே விட்டுவிடுங்கள். நான் சொல்வது மெக்கானிக்கல் பம்ப் வைத்த டீசல் லாரிகளை: டாடா 1210, 1613, லேலண்ட் காமெட், பழைய டாரஸ், அந்த வரிசை. இவற்றில் சாவியைத் திருப்பினால் மீட்டருக்கும் லைட்டுக்கும் செல்ஃபுக்கும் கரண்ட் போகும், அவ்வளவுதான். இன்ஜின் பிடித்துக்கொண்ட பிறகு அதற்குக் கரண்ட்டே வேண்டாம். சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டாலும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். நிறுத்த வேண்டுமென்றால் ஸ்டாப்பரை, அதாவது டீசலை நிறுத்துகிற டேஷ் குமிழை, இழுக்க வேண்டும். பிற்பாடு வந்த மாடல்களில் அந்த வேலையைக் கரண்ட்டில் இயங்கும் ஒரு சாலினாய்டு பார்த்துக்கொள்கிறது, அவற்றில் சாவியை அணைத்தால் இன்ஜினும் நிற்கும். உங்கள் வண்டி எந்த ரகம் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

இன்னொன்று. பழைய லாரியில் களவு போவது பெரும்பாலும் லாரி இல்லை. டீசல் போகும், பேட்டரி போகும், ஸ்டெப்னி போகும், ஜாக்கியும் லிவரும் போகும். ஆனால் நாம் காசு செலவழிப்பது கதவு லாக்குக்கும் பளபளப்பான சாவிக்கொத்துக்கும்.

சாவியைப் பார்க்காமல் லாக்கைக் கழற்றாதீர்கள்

லாரி கதவிலும் இக்னிஷனிலும் இருக்கும் லாக் ரொம்பச் சிக்கலான பொருள் இல்லை. ஒரு சிலிண்டர், அதன் குறுக்கே வரிசையாகச் சில மெல்லிய பித்தளைத் தகடுகள், ஒவ்வொரு தகட்டுக்கும் ஒரு பொடி ஸ்பிரிங். சாவியின் பல் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய அளவுக்கு நகர்த்தி சிலிண்டரோடு சமமாக நிறுத்தினால்தான் சுற்றும். ஒரே ஒரு தகடு மயிரிழை வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் சுற்றாது. பித்தளைச் சாவி வருடக்கணக்கில் உள்ளே போய் வெளியே வந்து, அதன் கூர்மையான மேடுகளெல்லாம் மழுங்கிப் போயிருக்கும். அப்போதுதான் "நாலு தடவை ஆட்டினால் திறக்கும்" என்கிற கட்டம் வரும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. சாவியை முழுக்க உள்ளே விட்டுவிட்டு, ஒரு நூல் அளவு வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு திருப்பிப் பாருங்கள். அந்த நிலையில் சுற்றுகிறது என்றால் தேய்ந்தது சாவி, லாக்குக்கு வேலை வைக்க வேண்டியதில்லை. வீட்டில் அதிகம் புழங்காத ஸ்பேர் சாவி இருந்தால் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் எந்தப் பல் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். ஸ்பேர் சாவி சிரமமில்லாமல் திருப்புகிறதா, கதை முடிந்தது. அந்த ஸ்பேரிலிருந்து இரண்டு புதுச் சாவி வெட்டிக்கொண்டு ஸ்பேரைத் திரும்ப பீரோவில் வைத்துவிடுங்கள்.

தேய்ந்த சாவியைக் கொடுத்து டூப்ளிகேட் போடச் சொல்லவே சொல்லாதீர்கள். மெஷின் அந்தத் தேய்மானத்தையும் சேர்த்தே அப்படியே நகல் எடுக்கும், கூடவே அதன் சொந்தத் தவறும் கொஞ்சம் சேரும். புதுச் சாவி பழையதைவிட மோசமாகச் சுற்றுவதற்கு இதுதான் காரணம், கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. நல்ல சாவி ஒன்றுகூட இல்லை என்றால் லாக்கையே கழற்றிச் சாவிக்காரரிடம் கொண்டுபோங்கள். கையில் அரமும் வைஸும் வைத்து உட்கார்ந்திருக்கிறாரே, தெருவோரத்தில் குடைக்குக் கீழே, அவரைத்தான் சொல்கிறேன். பல் வெட்டாத பிளாங்க் சாவியை உள்ளே விட்டு அழுத்தித் திருப்பி, தகடு பதிந்த தடத்தைப் பார்த்துப் பார்த்து அரத்தால் ராவி எடுப்பார். அல்லது சிலிண்டரை உருவித் தகடுகளை நேரில் பார்த்தே வெட்டுவார். சில லாக்குகளில் தகட்டின் மேலேயே எண் குத்தியிருக்கும், அது இருந்தால் அவருக்கு வேலை இன்னும் சுலபம். அந்தக் கைவேலை மெஷின் நகலைவிட உங்கள் லாக்குக்குச் சரியாகப் பொருந்தும். சில்லு வைத்த சாவியெல்லாம் இந்த வண்டிகளில் கிடையாது, ஆகவே கம்பெனி ஷோரூம் படியேற வேண்டிய அவசியமும் இல்லை.

பிளாங்க் பித்தளையா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியம் லேசானது, பல நிறத்தில் கிடைக்கும், விறைப்பான லாரி லாக்கில் இரண்டு மாதத்தில் முறுக்கிக்கொள்ளும்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம்

பூட்டு இறுக்கமாக இருந்தால் நம் ஊரில் முதலில் கை போவது தேங்காய் எண்ணெய்க்கு, இல்லாவிட்டால் ஒர்க்‌ஷாப்பில் கிடக்கும் பழைய இன்ஜின் ஆயிலுக்கு. இரண்டும் அன்றைக்கு வேலை செய்யும். ஒரு வாரத்தில் ரோட்டுப் புழுதியைப் பிடித்து வைத்துக்கொண்டு பசை மாதிரி ஆகிவிடும், ஸ்பிரிங் தகட்டைத் தள்ளாது, பழையபடி ஆட்டம். ஏற்கெனவே எண்ணெய் விட்ட லாக்கென்றால் முதலில் கழுவ வேண்டும்: மண்ணெண்ணெயோ டபிள்யூ.டி. 40 மாதிரி ஸ்பிரேயோ துவாரத்தில் விட்டு, சாவியைப் பலமுறை விட்டு எடுத்து, ஒவ்வொரு தடவையும் சாவியைத் துணியில் துடையுங்கள். துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை. பிறகு காற்றடிக்கும் இடத்தில் ஏர் பிடித்துக் காய வையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு கிராஃபைட் தூள் போடுங்கள். தூள் கிடைக்கவில்லையா, பென்சில் முனையைப் பிளேடால் சுரண்டிச் சாவியின் பல்லில் தடவி உள்ளே விட்டு எடுத்தால் போதும், அதுவும் கிராஃபைட்தான். கையெல்லாம் கரியாகும், ஆனால் புழுதி ஒட்டாது.

சாவி உள்ளேயே முறிந்துவிட்டால்

பதற்றத்தில் எல்லோரும் செய்வது, முறிந்த துண்டை ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்துவது. அது துண்டை இன்னும் உள்ளே தள்ளும். முதலில் சிலிண்டர் எந்த நிலையில் நிற்கிறது என்று பாருங்கள். பாதி திரும்பிய நிலையில் முறிந்திருந்தால் தகடுகள் துண்டைக் கவ்விக்கொண்டிருக்கும், என்ன செய்தாலும் வராது; தட்டையான சின்ன டிரைவரால் துவாரத்தை மெதுவாகப் பிடித்து, சாவியை உருவும் பழைய நிலைக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். அப்புறம் மெல்லிய பல் உள்ள ரம்பத் தகட்டை, பல் வெளிப்பக்கம் பார்க்கிற மாதிரி, சாவித் துண்டின் ஓரமாக விட்டுச் சற்றுத் திருகி இழுங்கள். பல் கொக்கி மாதிரி மாட்டி இழுத்துக்கொண்டு வரும். ஒரு சொட்டு ஸ்பிரே விட்டால் இன்னும் சுலபம். ஃபெவிக்விக் தடவி ஒட்டி இழுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், பசை தகட்டில் பட்டால் லாக் அத்தோடு தீர்ந்தது.

முறிந்த இரண்டு துண்டையும் தூக்கி எறிய வேண்டாம். இரண்டையும் சேர்த்து வைத்துச் சாவிக்காரர் புதிது வெட்டிவிடுவார்.

இக்னிஷன் சுவிட்ச்: சாவிக்குப் பின்னால் என்ன இருக்கிறது

இக்னிஷனில் இரண்டு தனித்தனிப் பாகம் இருக்கிறது. முன்னால் சாவி போகிற சிலிண்டர், பின்னால் கரண்ட்டைச் சேர்த்துப் பிரிக்கிற கான்டாக்ட் தட்டு. "சாவி கெட்டுப்போச்சு" என்று வருகிற வண்டிகளில் பல நேரம் கெட்டுப்போனது பின்னால் இருப்பதுதான். சாவி வழுக்கிக்கொண்டு திரும்புகிறது, ஆனால் டேஷ் போர்டு லைட் விட்டு விட்டு எரிகிறது, சாவியை லேசாக ஆட்டினால் அணைகிறது என்றால் கான்டாக்ட் தேய்ந்திருக்கிறது, அல்லது பின்னால் ஒயர் முனை தளர்ந்திருக்கிறது. வண்டி கொஞ்ச தூரம் ஓடியதும் சுவிட்சின் பின்பக்க ஒயர்களைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால் அந்த முனையில்தான் கோளாறு. பிளாஸ்டிக் உருகிப் பழுப்பாகியிருந்தால் யோசிக்கவே வேண்டாம், சுவிட்சை மாற்றுங்கள்.

சோதித்துப் பார்க்க ஒரு டெஸ்ட் பல்பு போதும். வண்டி 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று பார்த்து அதற்கேற்ற பல்பை எடுங்கள், 24 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் பல்பை வைத்தால் பொசுக்கென்று போய்விடும். பல சுவிட்சுகளின் பின்பக்கத்தில் 30, 15, 50 என்று எண் இருக்கும். இது ஜெர்மன்காரர்கள் வைத்த எண் முறை. டாடா லாரியே 1954-ல் ஜெர்மன் கம்பெனி டைம்லர்-பென்ஸ் கூட்டில் பிறந்ததுதானே, ஆச்சரியமில்லை. 30 என்பது பேட்டரியிலிருந்து நேராக வருவது, சாவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கே பல்பு எரிய வேண்டும். 15-ல் சாவி ஆன் ஆனால் மட்டும் எரிய வேண்டும். 50 செல்ஃபுக்குப் போவது, சாவியைக் கடைசி வரை திருப்பிப் பிடித்திருக்கும்போது மட்டும் எரிய வேண்டும். 30-ல் எரிந்து 15-ல் எரியவில்லை என்றால் சுவிட்ச் போச்சு. 30-லேயே எரியவில்லை என்றால் சுவிட்சை விட்டுவிடுங்கள், பியூஸையும் பேட்டரி டெர்மினலையும் போய்ப் பாருங்கள். 50-ல் நன்றாக எரிந்தும் செல்ஃப் "டிக்" என்று மட்டும் சத்தம் போட்டால் அது சாவி சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை.

மாற்றும்போது பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றிவிடுங்கள். 30-ம் நம்பர் ஒயரில் எப்போதும் கரண்ட் இருக்கும், ஸ்பானர் தெரியாமல் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும், பழைய வண்டியில் அந்த ஒயருக்கு பியூஸ் இருக்குமா என்பதே சந்தேகம். ஒயர்களைக் கழற்றும் முன் மொபைலில் படம் எடுத்து, ஒவ்வொரு ஒயரிலும் இன்சுலேஷன் டேப் சுற்றி எண் எழுதுங்கள். நிறத்தை நம்பாதீர்கள், இத்தனை வருடத்தில் எத்தனை எலக்ட்ரீஷியன் கை பட்டதோ, கையில் கிடைத்த நிறத்தில் ஒட்டுப் போட்டிருப்பார்கள். முன்பக்க வளைய நட்டைக் கழற்றினால் சுவிட்ச் டேஷுக்குப் பின்னால் இறங்கிவிடும்.

புது சுவிட்சும் ஆறு மாதத்தில் போகிறது என்றால் அதன் தலையில் சுமை ஏற்றி வைத்திருக்கிறீர்கள். கூடுதல் ஹாரன், கலர் லைட், டேப், ஃபேன் எல்லாவற்றையும் 15-ல் கொண்டுபோய்ச் சொருகினால் அந்தச் சின்ன கான்டாக்ட் என்ன செய்யும்? அவற்றுக்கு பேட்டரியிலிருந்து பியூஸ் போட்டுத் தனி லைன் இழுத்து, சுவிட்ச் வெறும் ரிலேயை (சின்ன கரண்ட்டை வைத்துப் பெரிய கரண்ட்டைச் சேர்த்துப் பிரிக்கும் பெட்டி) மட்டும் இயக்குகிற மாதிரி செய்துகொள்ளுங்கள். செல்ஃபுக்கும் ஒரு ரிலே வைத்துவிட்டால் இக்னிஷனைப் பற்றி நீண்ட காலம் மறந்துவிடலாம்.

அப்புறம் சாவிக்கொத்து. இக்னிஷன் சாவியோடு டேங்க் சாவி, பேட்டரி பெட்டிச் சாவி, வீட்டுச் சாவி, பழனி முருகன் டாலர், பாட்டில் ஓப்பனர் எல்லாம் தொங்கினால் வண்டி குலுங்கும்போதெல்லாம் அந்த எடை சிலிண்டரை ஆட்டிக்கொண்டே இருக்கும். இக்னிஷன் சாவி தனி, மற்றவை வேறொரு வளையத்தில். முருகனை டேஷ் மேலே வைத்தாலும் காப்பாற்றுவார்.

ஸ்டாப்பரும் கட்-ஆப்பும்

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. சாவியை நூறு தடவை திருப்புவதற்கு முன் ஸ்டாப்பர் குமிழ் முழுக்க உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள். கேபிள் துருப்பிடித்து இறுகினால், குமிழ் உள்ளே போன மாதிரி தெரிந்தாலும் பம்பில் இருக்கும் லிவர் பாதியிலேயே நிற்கும், டீசல் வராது. பானெட்டைத் திறந்து, ஒருவரைக் குமிழை இழுத்துத் தள்ளச் சொல்லி, லிவர் முழு தூரம் போய்த் திரும்புகிறதா என்று கண்ணால் பார்த்தால்தான் உண்மை தெரியும். இங்கே கிராஃபைட் இல்லை, கிரீஸ். கேபிள் அறுந்து வண்டி நிற்காமல் போனால் பயப்பட வேண்டாம், பானெட்டைத் திறந்து அந்த லிவரைக் கையால் தள்ளினாலும் நிற்கும்.

திருட்டுக்கு எதிராக ஒரு பழைய உபாயம்: ஸ்டாப்பரை இழுத்த நிலையில் குமிழுக்கும் டேஷுக்கும் இடையே செருகுகிற மாதிரி லேத் பட்டறையில் ஒரு தடித்த கவை செய்து, அதில் ஒரு சின்ன பூட்டுப் போடலாம். பம்பிலிருந்து இன்ஜினுக்கு டீசலே போகாது, செல்ஃபை எத்தனை சுற்று சுற்றினாலும் பிரயோஜனமில்லை. உள்ளூர் பட்டறையில் அரை மணி நேர வேலை. பானெட் வழியாகப் போகிறவனை இது தடுக்காது என்பதால் பானெட் கொக்கிக்கும் ஒரு நாதாங்கி வைத்துவிடுங்கள்.

பேட்டரி கட்-ஆப் சுவிட்ச் வைத்திருக்கிறீர்கள் என்றால், சிவப்பு பிளாஸ்டிக் சாவி போட்டுத் திருப்புவார்களே அது, நல்லது. ராத்திரியில் எங்கோ ஒரு ஒயர் உரசி வண்டி தீப்பிடிக்காமல் இருக்க அது உதவும், பேட்டரி இறங்காமலும் இருக்கும். ஆனால் அதைப் பூட்டு என்று நம்பாதீர்கள். அந்தச் சிவப்புச் சாவி பெரும்பாலும் எல்லா வண்டிக்கும் ஒன்றேதான், எந்த ஸ்பேர் கடையிலும் தொங்கும்.

இதில் வரிசை முக்கியம். முதலில் ஸ்டாப்பரை இழுத்து இன்ஜினை நிறுத்துங்கள், பிறகு சாவி, கடைசியில்தான் கட்-ஆப். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது கட்-ஆப்பைத் திருப்பினால் ஆல்டர்னேட்டருக்குப் பேட்டரி இல்லாமல் போய் வோல்டேஜ் திடீரென்று எகிறும், டயோடும் ரெகுலேட்டரும் அங்கேயே கருகும். இன்ஜினை நிறுத்திவிட்டுச் சாவியை மட்டும் ஆனிலேயே விட்டுவிட்டுப் போகிற பழக்கமும் கெட்டது, காலையில் பேட்டரி இறங்கியிருக்கும்.

இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க ஸ்டாப்பரை இழுத்து வண்டியை உருள விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்ஜின் நின்றால் ஏர் கம்ப்ரெஸரும் நிற்கும், நாலு தடவை பிரேக் மிதித்தால் டேங்கில் இருக்கும் ஏர் தீரும். கொல்லிமலையோ ஏற்காடோ, எந்த இறக்கத்திலும் ஸ்டாப்பரைத் தொடாதீர்கள்.

கதவு பூட்டவில்லையா, கீலைப் பாருங்கள்

மரக் கேபின் கதவில் லாக் கெடுவதைவிடக் கதவு தொங்குவதுதான் அதிகம். டிரைவர் ஒவ்வொரு முறையும் கதவைப் பிடித்து ஏறி இறங்கி, கீலில் இருக்கும் பின் தேய்ந்து, கதவின் மூக்குப் பக்கம் இறங்கிவிடும். அப்போது லாக்கின் நாக்கு, தூணில் அந்த நாக்கைப் பிடிக்கும் ஸ்ட்ரைக்கரின் கீழ் விளிம்பில் போய் முட்டும். ஓங்கிச் சாத்தினால்தான் பூட்டும், ஓங்கிச் சாத்துவதால் இன்னும் தொங்கும். கதவின் அடியைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சாத்திப் பாருங்கள். சத்தமில்லாமல் "கிளிக்" என்று விழுந்தால் லாக் நன்றாக இருக்கிறது, கீல் பின்னையும் புஷ்ஷையும் மாற்றுங்கள்.

கீல் நன்றாக இருந்தும் பிடிக்கவில்லை என்றால், நாக்கில் துளி கிரீஸ் தடவிக் கதவைச் சாத்தித் திறங்கள். ஸ்ட்ரைக்கரில் கிரீஸ் எங்கே ஒட்டியிருக்கிறதோ அதை வைத்து எவ்வளவு ஏற்றவோ இறக்கவோ வேண்டும் என்று கணக்குப் போட்டு, ஸ்க்ரூவைத் தளர்த்தி நகர்த்தி முடுக்குங்கள். மழைக்காலத்தில் மரம் ஊறிக் கதவு இறுகினால் அவசரப்பட்டு இழைப்புளியை எடுக்காதீர்கள். இன்று இழைத்துவிட்டால் சித்திரை வெயிலில் மரம் சுருங்கி விரல் போகிற சந்து விழும். பெயின்ட் உரிந்து தண்ணீர் உள்ளே போகிற இடத்தைக் கண்டுபிடித்து அடைப்பதுதான் வேலை.

கிளீனர் பக்கக் கதவுக்குச் சாவி லாக் தேவையே இல்லை என்பது என் கட்சி. உள்ளேயிருந்து ஒரு கனமான தாழ்ப்பாள் போட்டு, டிரைவர் பக்கக் கதவை மட்டும் சாவியால் பூட்டுங்கள். வெளியே துவாரம் ஒன்று குறைந்தால் தண்ணீரும் புழுதியும் கள்ளச்சாவியும் நுழைய இடம் ஒன்று குறைகிறது.

டேங்க், பேட்டரி பெட்டி, டூல் பாக்ஸ்

நிஜமான காசு போகிற இடம் இது. டேங்க் மூடிக்கு லாக் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் டேங்குக்கு அடியில் குனிந்து பார்த்ததில்லை. அங்கே டிரெயின் பிளக் ஒன்று இருக்கிறது, ஒரு ஸ்பானரும் ஒரு கேனும் போதும். பிளக்கின் தலை மேல் ஒரு இரும்புத் தொப்பி மாதிரி கவர் வைத்துப் பூட்டுகிற ஏற்பாடு செய்யுங்கள். அதற்காகப் பற்றவைப்பு வேண்டும் என்றால் டேங்கைக் கழற்றி, காலி செய்து, நன்றாகக் கழுவிய பிறகு, அதற்கென்றே உள்ள பட்டறையில் கொடுங்கள். டீசல் ஆவி இருக்கும் டேங்கில் வெல்டிங் வைத்தால் வெடிக்கும். மூடிக்குக் கீழே கழுத்தில் டியூப் நுழையாதபடி சல்லடை ஒன்றும் வேண்டும்.

லாக் வைத்த டேங்க் மூடி வாங்கும்போது காற்றுத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். பல வண்டிகளில் டேங்குக்குள் காற்று போகிற வழியே மூடியில்தான். அதை கிரீஸோ சேறோ அடைத்துக்கொண்டால், டீசல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, ஏற்றத்தில் இன்ஜின் இழுக்காமல் இருமும். ஃபில்டரை மாற்றி, பம்பைச் சந்தேகப்பட்டு, கடைசியில் மூடியைத் திறந்தால் "புஸ்" என்று காற்று உள்ளே போகும். புது மூடி போட்ட பிறகு இப்படி நேர்ந்தால் முதல் சந்தேகம் மூடி மேல் இருக்கட்டும்.

பேட்டரி பெட்டியிலும் டூல் பாக்ஸிலும் பூட்டைவிட நாதாங்கிதான் பலவீனம். பூட்டு எட்டு லிவர், ஆனால் நாதாங்கியைப் பிடித்திருப்பது வெளியே தெரிகிற நாலு ஸ்க்ரூ; திருடன் பூட்டைத் தொடவே மாட்டான். நாதாங்கி மூடியிருக்கும்போது ஸ்க்ரூ தலைகள் அதற்குள் மறைய வேண்டும், உருண்டைத் தலை போல்ட் போட்டு உள்பக்கம் நட்டை வெல்டு வைத்துவிட்டால் இன்னும் நல்லது. பேட்டரியைக் கழற்றி எடுத்துவைத்த பிறகுதான் அந்த வெல்டிங்கும்.

பூட்டு என்று வந்தால் நான் திண்டுக்கல் பக்கம்தான். 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததற்காகச் சொல்லவில்லை. கையால் செய்த லிவர் பூட்டில் சாவி கனமாக இருக்கும், உள்ளே லிவர் தகடுகளும் கனமாக இருக்கும், லாரியின் குலுக்கலுக்கும் சேற்றுக்கும் அது தாங்கும். அலிகார் பூட்டு விலை குறைவு, எங்கும் கிடைக்கும், டூல் பாக்ஸுக்குப் போதும். பேட்டரிக்கும் டேங்குக்கும் நல்லதாகப் போடுங்கள். ஒரே சாவியில் திறக்கிற மாதிரி மூன்று நாலு பூட்டு செய்து தரச் சொல்லியும் கேட்கலாம், இருட்டில் மழையில் எந்தச் சாவி எதற்கு என்று தேடுகிற தொல்லை இல்லை. பூட்டைச் சாவித் துவாரம் கீழே பார்க்கும்படி தொங்கவிடுங்கள், தண்ணீர் தேங்காது. பழைய டியூபிலிருந்து ஒரு துண்டு வெட்டிப் பூட்டுக்குச் சட்டை மாதிரி மாட்டிவிட்டால் சக்கரம் வாரியடிக்கும் சேறு உள்ளே போகாது. ஸ்டெப்னிக்குச் சங்கிலி போடும்போது சங்கிலியில் ஆட்டம் இல்லாமல் இறுக்கிப் பூட்டுங்கள், தளர்ந்த சங்கிலிக்குள் கடப்பாரை நுழைந்தால் எந்தப் பூட்டும் நிற்காது.

ஸ்பேர் சாவி யாரிடம் இருக்க வேண்டும்

பம்பருக்குப் பின்னால் கம்பி கட்டித் தொங்கவிடுவது, மட்கார்டு சந்தில் செருகுவது, டூல் பாக்ஸ் மூடிக்கு அடியில் காந்தம் வைத்து ஒட்டுவது: இந்த மூன்று இடமும் உங்களுக்குத் தெரிந்த மாதிரியே எல்லோருக்கும் தெரியும். லைன் போகிற வண்டியில் ஒரு ஸ்பேர் கிளீனர் இடுப்பில் இருக்கட்டும், இன்னொன்று ஓனர் வீட்டில். கிளீனர் இல்லாமல் தனியாக ஓட்டுகிற டிரைவர் என்றால் ஸ்பேரைக் கழுத்துக் கயிற்றில் போட்டுக்கொள்வதுதான் உத்தமம், நாக்பூர் பக்கம் ராத்திரி சாவியைக் கேபினுக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டால் கண்ணாடியை உடைப்பதைத் தவிர வேறு வழி சுலபத்தில் கிடைக்காது. சாவியைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். பல் தெளிவாகத் தெரிகிற ஒரு படம் போதும், நல்ல சாவிக்காரர் அதிலிருந்தே வெட்டிவிடுவார்.

டிரைவர் மாறும்போது சாவியைத் திரும்ப வாங்கினால் மட்டும் போதாது, அவர் ஒரு நகல் போட்டிருந்தால் உங்களுக்குத் தெரியவா போகிறது. யாரையும் சந்தேகப்படச் சொல்லவில்லை. சிலிண்டருக்குள் இருக்கும் தகடுகளை இடம் மாற்றிப் போட்டு அதற்கேற்பப் புதுச் சாவி ராவித் தரச் சொன்னால் சாவிக்காரர் செய்து கொடுப்பார், லாக்கையே மாற்றுகிற செலவு இல்லை. பழைய வண்டி வாங்கிய கையோடும் இதைச் செய்துவிடுங்கள், முன்னால் எத்தனை கை மாறியதோ. புதுப்பேட்டை மாதிரி பழைய சாமான் சந்தையில் இக்னிஷன் சுவிட்ச் வாங்குகிறீர்கள் என்றால் சாவியோடு இருக்கிறதா, அந்தச் சாவி மூன்று நிலைக்கும் சிரமமில்லாமல் போய்த் திரும்புகிறதா, செல்ஃப் நிலையிலிருந்து கையை விட்டதும் ஸ்பிரிங் பின்னால் இழுக்கிறதா என்று கடையிலேயே திருப்பிப் பாருங்கள். அந்த ஸ்பிரிங் சோர்ந்த சுவிட்ச் செல்ஃபைச் சுற்றவிட்டுக்கொண்டே இருந்து அதையும் கொளுத்திவிடும்.

வண்டி வாங்கும்போது எத்தனை சாவி கொடுத்தார்கள் என்று விற்பனை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வண்டி களவு போனால் இன்சூரன்ஸ்காரர்கள் எல்லாச் சாவிகளையும் கேட்பது வழக்கம், ஒன்று குறைந்தாலும் கேள்வி வரும். ஆகவே சாவி தொலைந்தால் அன்றே காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி, ஆர்.சி. நகலோடு சேர்த்து வைத்துவிடுங்கள். லாக்கை மாற்றினால் கடை பில்லையும் அதே கவரில் போடுங்கள், கழற்றிய பழைய சாவியையும் சேர்த்து.